படகுல ஒரு மதியம்

நேத்து மதியம் முழுக்க தண்ணி மேலதான். அப்பாவோட காலேஜ் ஃப்ரெண்ட் குடும்பம், சின்ன வயசுலேருந்தே எங்களுக்கு அங்கிள் ஆன்ட்டி, அவங்க படகுல எங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போனாங்க, டீசலுக்கு காசு தரேன்னு அப்பா சொன்னத அங்கிள் காதுலயே வாங்கிக்கல.

ஏறின உடனே லைஃப் ஜாக்கெட். குட்டிப் பசங்களுக்கு அவங்க எடைக்கு ஏத்த மாதிரி தனியா வாங்கியே வச்சிருந்தாங்க!! ஆன்ட்டி ஒவ்வொருத்தருக்கா பக்கிள் மாட்டி, தோள்பட்டைய பிடிச்சு மேல இழுத்துப் பாத்து, காது வரைக்கும் ஏறலைன்னாதான் விட்டாங்க. எப்பவாவது வர்ற எங்க பசங்களுக்காக இவ்ளோ யோசிச்சிருக்காங்கன்னா என்ன மனசு பாருங்க.

அப்புறம் அலை இல்லாத இடமா பாத்து நங்கூரம் போட்டோம். ஆழம் எவ்ளோவோ அத மாதிரி 5லேருந்து 7 மடங்கு கயிறு விடணும், அப்பதான் இழுவை படுக்கை வாட்டுல வந்து நங்கூரம் அடித்தரைய நல்லா கவ்வும்னு அங்கிள் சொல்லி, என் பையன் கையாலயே கயிற விட வச்சார், அவன் முகத்துல அப்படி ஒரு பெருமை.

சாயங்காலம் நெருங்க நெருங்க காத்து ஏறுச்சு (வெயில்ல தரை தண்ணிய விட சீக்கிரம் சூடாகும்ல, அதான் தண்ணிலேருந்து கரைப் பக்கம் வீசும்). அம்மாவும் ஆன்ட்டியும் நிழல்ல கால நீட்டி உக்காந்து பேசிட்டே இருந்தாங்க. அம்மா இவ்ளோ சத்தமா சிரிச்சு பாத்து ரொம்ப நாளாச்சு.

அங்கிள் ஆன்ட்டி, இத படிப்பீங்கன்னு தெரியும். ரொம்ப ரொம்ப நன்றி. அடுத்த தடவ சாப்பாடு மொத்தமும் எங்க பொறுப்பு, இப்பவே சொல்லிட்டேன்.