நாலு பேர் ஸ்லைடுகளை ஒரே கோப்பில் சேர்த்த அனுபவம்

நாலு பேர் தனித்தனியாகச் செய்த பவர்பாயின்ட் கோப்புகளை ஒன்றாக்கும் வேலை என்னிடம் வந்தது. மொத்தம் 46 ஸ்லைடுகள். காப்பி, பேஸ்ட் தானே, ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு நாள் மாலை முழுக்க அதற்கே போய்விட்டது.

முதல் ஸ்லைடை ஒட்டியதுமே நிறமும் எழுத்துருவும் மாறிவிட்டன. ஸ்லைடு எந்தக் கோப்புக்குப் போகிறதோ அந்தக் கோப்பின் தீம் அதன்மேல் ஏறிக்கொள்ளும். உடனே, பழைய வடிவமைப்பை அப்படியே வைத்துக்கொள்ளும் பேஸ்ட் முறைக்கு மாறி எல்லாவற்றையும் ஒட்டினேன். பார்வைக்கு அச்சு அசலாக இருந்தது. அப்புறம், ஸ்லைடுகளின் பொது வடிவமைப்பை வைத்திருக்கும் ஸ்லைடு மாஸ்டரைத் திறந்தால், ஒவ்வொரு கோப்பும் தன் மாஸ்டரையும் கூடவே இழுத்து வந்திருந்தது. ஒன்றில் எழுத்தளவை மாற்றினால் மற்றதில் மாறவில்லை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரே தீமில் மறுபடி ஒட்டினேன். பல ஸ்லைடுகள் ஒழுங்காக உட்கார்ந்தன, சில அடம்பிடித்தன. ஸ்லைடை அதன் லேஅவுட் அமைப்புக்கே திருப்பும் ரீசெட் கொடுத்தாலும் அசையவில்லை. ஸ்லைடுகளின் எழுத்தைப் பட்டியலாகக் காட்டும் அவுட்லைன் வியூவைப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: அந்த ஸ்லைடுகளுக்கு எண் மட்டும் இருந்தது, எதிரில் ஓர் எழுத்துகூட இல்லை. செய்தவர் லேஅவுட் தரும் பிளேஸ்ஹோல்டரை, அதாவது எழுதுவதற்கென்றே உள்ள பெட்டியை விட்டுவிட்டு, தனியாக டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டு எழுதியிருக்கிறார். டெக்ஸ்ட் பாக்ஸில் உள்ள எழுத்து அவுட்லைனில் வராது. எங்கே நிற்க வேண்டும், என்ன அளவில் இருக்க வேண்டும் என்று லேஅவுட் சொல்வது டெக்ஸ்ட் பாக்ஸுக்குப் பொருந்தாது. அந்த 11 ஸ்லைடுகளிலும் எழுத்தை மட்டும் எடுத்து பிளேஸ்ஹோல்டரில் ஒட்டினேன்.

மூன்றாவது கோப்புதான் என்னைப் பதற வைத்தது. ஒட்டியதும் தமிழே காணவில்லை. 'தமிழ்' என்று இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி! அது பாமினி எழுத்துருவில் தட்டியது. பாமினியில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். அந்த எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. தீம் எழுத்துருவை மாற்றியதும் உள்ளே இருந்தது வெளியே தெரிந்துவிட்டது. இதற்கு வேறு எழுத்துரு தேடிப் பயனில்லை. பாமினி உரையை எழுத்துருமாற்றி மென்பொருளில் போட்டு, தமிழ் எழுத்துகளையே கோப்பில் வைக்கும் யூனிகோடாக்கிய பிறகுதான் ஸ்லைடில் ஒட்ட வேண்டும். ஒட்டியபின் நிர்மலா யுஐ என்ற யூனிகோடு எழுத்துருவைக் கொடுத்தேன். வரிகள் நீண்டதால் சில பெட்டிகளில் ஆட்டோஃபிட் எழுத்தைச் சுருக்கிவிட்டது. பின்வரிசையில் இருப்பவர் படிக்க முடியாது என்பதால் ஆட்டோஃபிட்டை நிறுத்தி, அந்த ஸ்லைடுகளை இரண்டாகப் பிரித்தேன்.

மாற்றியில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தமிழுக்கு நடுவே நிஜமாகவே ஆங்கிலத்தில் இருந்த சுருக்கப் பெயர்களையும் அது தமிழ் எழுத்துகளாக மாற்றிவிடுகிறது. பிழைதிருத்தியை நம்ப மனம் வரவில்லை. பழைய கோப்பை இடப்பக்கம் திறந்து வைத்து, ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்து ஒப்பிட்டேன். ஒன்பது இடங்கள் அகப்பட்டன. ஒன்பதையும் கையால் தட்டி முடித்த பிறகே கோப்பை அனுப்பினேன்.