உச்சி வெயிலில் நின்றுபோகும் சோலார்

சுங்கை சிப்புட்டில் பழைய தோட்டத்தை ஒட்டிய தாமானில் எங்களுடையது கடைசி வீடு. கூரையில் சோலார் போட்ட பிறகு காலையில் நன்றாக ஓடும். மத்தியானம் வெயில் சுள்ளென்று அடிக்கும்போதுதான், பேனல் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் நின்றுவிடும். உங்கள் வீட்டிலும் இப்படி நடந்தால், பேனல் பழுது என்று குத்தகைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் இன்வெர்ட்டர் திரையில் வோல்ட்டேஜைப் பாருங்கள்.

எங்களுக்கு 254 காட்டியது. மலேசியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மேலே 10 சதவீதம், அதாவது 253 வரைதான் அனுமதி. தாண்டினால் எங்கள் இன்வெர்ட்டர் தானாக விலகிவிடும். பகலில் பாதித் தெரு வேலைக்குப் போய்விடுகிறது; பல கூரைகளிலிருந்து ஒரே கம்பியில் மின்சாரம் ஏறுகிறது, எடுக்க ஆளில்லை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளியிருக்கும் வீட்டில்தான் வோல்ட்டேஜ் அதிகம் ஏறும்.

மின்சாரக் கம்பெனியிடம் புகார் கொடுத்தால், "உங்க இன்வெர்ட்டரைச் செக் பண்ணுங்க" என்றுதான் பதில் வந்தது. சார்ஜ்மேனாக (உரிமம் பெற்ற மின்பணியாளராக) இருக்கும் என் மச்சான்தான் வழி சொன்னார்: "தேதி, மணி, வோல்ட்டேஜ் மூணையும் எழுதி, திரையைப் படம் பிடிச்சுக் கொடுங்க மச்சான்." அதற்குப் பலன் இருந்தது. கம்பெனி ஆட்கள் வந்து மீட்டர் பக்கம் வோல்ட்டேஜைப் பதியும் ஒரு கருவி மாட்டினார்கள். தெருவுக்கு மின்சாரம் மூன்று ஃபேஸ்களில், அதாவது மூன்று தனித்தனிக் கம்பிகளில் வருகிறது; சோலார் வீடுகளில் பெரும்பாலானவை ஒரே ஃபேஸில் குவிந்திருப்பது தெரிந்தது. ஏணி வைத்துக் கம்பத்தில் ஏறி, சில வீட்டு ஒயர்களை மற்ற இரண்டு ஃபேஸுக்கும் மாற்றினார்கள்.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் வோல்ட்டேஜையே கூட்டிக் குறைக்கும் டேப்பைக் குறைத்தால் வேலை சுலபமாயிற்றே என்று கேட்டேன். "ராத்திரி எல்லாரும் ஏர்கான் போட்டா உங்க வீட்டுக்குத்தானே வோல்ட்டேஜ் இறங்கும், அண்ணே" என்றார் வந்தவர். சரியான பதில்.

பெரிய மின்தடங்களிலும் நெரிசல் உண்டு, ஆனால் அங்கே முக்கியமாகக் கம்பி எவ்வளவு சூடு தாங்கும் என்பதுதான் எல்லை. ஒரு தடம் அறுந்தாலும் மற்றவை தாங்கும்படி இடம் விட்டே ஓட்டுவார்கள். அதற்காக ஒரு பக்கம் இருக்கும் மின்நிலையத்தின் உற்பத்தியைக் குறைத்து, செலவு கூடினாலும் இன்னொரு பக்கத்தில் ஏற்றுவார்கள். 1996 ஆகஸ்ட் 3-இல் திரெங்கானு பாக்கா அருகே ஒரு தடத்தில் வந்த கோளாறு தீபகற்பம் முழுவதையும் இருட்டாக்கியது. அதனால் தடங்களில் அப்படி விட்டுவைக்கும் இடத்தை வீண் என்று யாரும் சொல்லக்கூடாது.

எங்கள் வீட்டில் இப்போது மத்தியானம் வோல்ட்டேஜ் 247-க்குப் பக்கத்தில் நிற்கிறது. வோல்ட்டேஜ் ஏறினால் ஒரேயடியாக நிற்காமல் உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்கும்படியும் இன்வெர்ட்டரை அனுமதி வாங்கி மாற்றிவிட்டோம். புதிதாகப் போடுகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன்பே அக்கம்பக்கத்துச் சோலார் வீடுகள் எந்த ஃபேஸில் இருக்கின்றன என்று ஒயர்மேனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.