500 வாட்ஸ் எந்தப் பெட்டிக்குப் போகுது?

கொயில், அதாவது ஸ்பீக்கருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள், எரிந்த பெட்டியைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. முன்பக்கத்தில் காற்றுப் போக விட்டிருக்கும் ஓட்டையில் மூக்கை வைத்தால் போதும். வார்னிஷும் பசையும் கருகின மணம் கிழமைக்கணக்கில் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். இருபது வருசத்துக்கு மேலாகத் திருகோணமலையில் அம்ப், ஸ்பீக்கர் திருத்துகிறேன். கோயில் ஒலிபெருக்கி, கல்யாண வீட்டுச் சவுண்ட் செட், பள்ளிக்கூட மைக் எல்லாம் என் மேசைக்கு வரும். இந்தத் தொழிலில் எனக்கு இனித் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஒரு பேஸ் கிற்றார் பெட்டி வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவன் சின்னப் பெடியன். ஐந்து தந்திப் பேஸ் வாசிப்பவன். மே மாதக் கடைசி, கச்சான் காற்று தொடங்கிக் கடல் குளம்போலக் கிடக்கும் நேரம். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வெள்ளைக்காரர் நிறையும் சீசன். கடற்கரை மணலில் மேடை போட்டு மூன்று மணித்தியாலம் பைலாவும் பழைய ஆங்கிலப் பாட்டும் வாசிப்பார்கள். அவனுடைய ஹெட்டின், அதாவது ஸ்பீக்கர் இல்லாத தனி அம்பின், பின்பக்கத்தில் 4 ஓமில் 500 வாட்ஸ், 8 ஓமில் 300 வாட்ஸ் என்று அடித்திருந்தது. ஓம் என்பது பெட்டி கரண்டுக்குக் காட்டும் எதிர்ப்பு. பெட்டி இரண்டு. ஒன்றில் 10 அங்குல ஸ்பீக்கர் நாலு, 400 வாட்ஸ் தாங்கும். மற்றது பழசுக்கு வாங்கியது, 15 அங்குலம் ஒன்று, 200 வாட்ஸ். இரண்டுமே 8 ஓம். எரிந்தது அந்தப் பதினைந்து.

"ரெண்டும் சேர்ந்து 600 தாங்கும் அண்ணே. ஹெட் 500தானே குடுக்குது. பிறகெப்படி எரியும்?"

கேள்வி நியாயமானது. அதற்கு நான் சொன்ன பதில்தான் அநியாயம்.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த ஐயா, 1957இல் பிரிட்டிஷ் கடற்படை இங்கிருந்து போகும்வரை டொக்யாட்டில் ரேடியோ வேலை பார்த்தவர். வால்வு ரேடியோக்களோடு வாழ்ந்த மனிதர். "சின்ன அம்ப்தான்டா பெரிய ஸ்பீக்கரைக் கொல்லும்" என்பார். அம்பால் முடியாததைக் கேட்டால் அலையின் உச்சி வெட்டுப்படும், வெட்டுப்பட்ட அலை ஸ்பீக்கரைச் சுடும் என்பது அவர் விளக்கம். நான் அதை அப்படியே அவனுக்கு ஒப்புவித்தேன். கொயிலை மாற்றிக் கொடுத்து, "ஹெட் காணாது தம்பி, பெரிசா ஒண்டு பார்" என்றும் சொல்லி அனுப்பினேன். பெடியன் கடன்பட்டு, கொழும்பில் 800 வாட்ஸ் ஹெட் ஒன்றைப் பழசுக்கு வாங்கினான்.

ஜூலையில் அதே 15 திரும்பி வந்தது. மூக்கை வைத்தேன், மணமில்லை. முன்னால் தெரிகிற கூம்பை, கோனை, இரண்டு கையாலும் மெல்ல அமத்தினேன். உள்ளே ஏதோ உரசுகிற சத்தம். கழற்றிப் பார்த்தால் கொயிலின் செம்பு புதுசுபோல மினுங்குகிறது. கொயில் சுற்றியிருக்கும் குழாயின் அடிவிளிம்பு மட்டும் சுத்தியலால் அடித்ததுபோல நசுங்கிக் கிடக்கிறது. கோனில் ஒரு மடிப்பும் விழுந்திருந்தது. முதல் தரம் செத்தது சூட்டால். இந்தத் தரம் கோன் எல்லை தாண்டித் துள்ளி, கொயில் காந்தத்தின் பின்தகட்டில் போய் மோதியிருக்கிறது. ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு விதமான சாவு. இரண்டாவதற்கு மருந்து எழுதிக் கொடுத்தவன் நான்.

அன்றிரவு கடைக் கொப்பியில் கணக்குப் போட்டேன். ஒன்பதாம் வகுப்புக் கணக்குத்தான். இரண்டு 8 ஓம் பெட்டிகளைப் பக்கம்பக்கமாகக் கொழுவினால் 4 ஓம். ஹெட் 500 கொடுக்கும். ஓம் ஒன்றாக இருப்பதால் பெட்டிக்கு 250ஆகச் சரிபாதி பிரியும். எந்தப் பெட்டி எவ்வளவு தாங்கும் என்று கரண்டுக்குத் தெரியாது. நாலு பத்து உள்ள பெட்டியில் அந்த 250ஐ நாலு பேர் பங்கிடுகிறார்கள், ஆளுக்கு 62 வாட்ஸ் சொச்சம். பதினைந்து மட்டும் 250ஐயும் தனியே சுமக்கிறது. அதன் பலம் 200. ஆகவே அந்தச் சோடி தாங்குவது 600 இல்லை. பலவீனமானதை இரண்டால் பெருக்க வேண்டும், 400தான். 800 வாட்ஸ் ஹெட் வந்தபிறகு அந்தப் பதினைந்தின் பங்கு 400.

ஐயா சொன்னதும் முழுப் பொய்யில்லை. 100 வாட்ஸ் அம்பை அலை சதுரமாகும்வரை முறுக்கினால் 200 வாட்ஸ்வரை வெளியே வரும். 100 வாட்ஸ் ஸ்பீக்கரை அது எரித்துவிடும்தான். பெட்டியில் கூர்மையான சத்தத்துக்கென்று வைத்திருக்கும் சின்ன ஹோர்னுக்கும் ஆபத்து, ஏனென்றால் வெட்டுப்பட்ட அலையில் மேல்சுரங்கள் கூடும். ஆனால் 400 வாட்ஸ் ஸ்பீக்கர் ஒன்று அந்த 200இல் எரியாது. எரிப்பது அம்பின் சிறுமையில்லை, கொயிலில் ஏறுகிற சராசரிச் சக்தி. இதைக் கேட்க ஐயா அப்போது உயிரோடில்லை. இருந்திருந்தாலும் சண்டைதான் பிடித்திருப்பார்.

ஓம் விசயத்தில் ஆட்கள் வழுக்குவது புதிசில்லை. கிண்ணியாவில் சவுண்ட் செட் வாடகைக்கு விடுகிற நானா ஒருவர், 8 ஓம் பெட்டியையும் 4 ஓம் பெட்டியையும் ஒரே அம்பில் கொழுவி, "எட்டுக்குத்தான் தம்பி கூடப் போகும், இலக்கம் பெரிசுதானே" என்று என்னோடு வாதாடியவர். கூடப் போவது நாலுக்கு, மூன்றில் இரண்டு பங்கு. அதோடு இரண்டும் சேர்ந்தால் 2.67 ஓம். 4 ஓமுக்குக் கீழே போகாதே என்று எழுதியிருக்கிற அம்பை அப்படி ஓடவிட்டால் அது கொதித்து, பாட்டு நடுவில் தானே நிற்கும். நின்றால் அதிர்ஷ்டம். நானாவுடையது நிற்கவில்லை, புகைந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் வெள்ளைப் பெயின்ற்றில் ஓமை எழுதி வைத்திருக்கிறார். சீட்டுக் கழன்ற பெட்டி என்றால் சாதாரண மீற்றரே சொல்லிவிடும்: 6 ஓமை அண்டிக் காட்டினால் அது 8 ஓம் பெட்டி, மூன்றரையை அண்டிக் காட்டினால் 4 ஓம்.

கணக்கு முடிந்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. ஹோட்டல் கடற்கரையில் இருநூறு பேருக்கு வாசிக்க இவனுக்கு ஏன் இவ்வளவு சக்தி? கோன் மாற்றிய பெட்டியைக் கொடுக்கும் சாட்டில் நானே உப்புவெளிக்குப் போனேன். என் பழைய முள்ளு மீற்றரையும் எடுத்துக்கொண்டு போய், ஏசி வோல்ட்டில் வைத்து, பெட்டியின் பின்பக்கக் கம்பிகளில் கிளிப் பண்ணினேன்.

ஹெட்டைப் பார்த்ததும் பாதி விளங்கிவிட்டது. தாழ்ந்த சுரத்தைக் கூட்டுகிற பேஸ் குமிழ் வலது பக்கக் கடைசியில் நின்றது.

அவனைக் குற்றம் சொல்லவும் ஏலாது. கடற்கரையில் சுவரில்லை, கூரையில்லை. மண்டபத்தில் தாழ்ந்த சுரங்களைத் திருப்பி எறிந்து பருமனாக்குவது சுவர்கள்தான். வெளியில் அந்த உதவி கிடையாது. தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபெல் போய்க்கொண்டே இருக்கும். போதாததற்குக் கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. கடலைப் பார்த்து வைத்த பெட்டிக்கு எதிரே காதுள்ளது அலை மட்டும்தான். வாசிக்கிறவன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தன் பேஸைத் தேடுகிறான், கிடைக்கவில்லை, குமிழை முறுக்குகிறான்.

"தாழ்ந்த தந்தியை ஒரே அளவாத் தட்டு" என்றேன். குமிழ் நடுவில் நிற்க முள்ளு 9 வோல்ட். வோல்ட்டைத் தன்னால் பெருக்கி ஓமால் பிரித்தால் 10 வாட்ஸ். குமிழை முழுக்கத் திருப்பச் சொன்னேன். 36 வோல்ட். அது 162 வாட்ஸ். கை அதே வேகம், தந்தி அதே தந்தி. அந்தக் குமிழ் முழுக்கத் திரும்பினால் 12 டெசிபெல், அதாவது பதினாறு மடங்கு சக்தி. பெடியன் மீற்றரையும் தன் விரலையும் மாறிமாறிப் பார்த்தான். நான் பார்த்தது கோனை. மூச்சு வாங்குகிற ஆளின் நெஞ்சுபோல முன்னும் பின்னும் போய்வந்தது, சத்தமோ அந்த அளவுக்கு இல்லை.

இதில் ஐந்தாம் தந்தியின் பங்கு பெரியது. நாலு தந்திப் பேஸில் அடிச்சுரம் 41 ஹேர்ட்ஸ். ஐந்தாம் தந்தி 31. அதே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே எடுக்கவேண்டுமென்றால் கோன் நாலு மடங்கு தூரம் போகவேண்டும். ஓட்டை வைத்த பெட்டிகளில் இன்னொரு வினை உண்டு. பெட்டி எந்தச் சுரத்துக்கு அமைத்ததோ அதற்குக் கீழே போனால் உள்ளே இருக்கிற காற்று கோனைப் பிடித்துவைக்காது, கடிவாளம் அறுந்த மாதிரி. அங்கே 200 வாட்ஸ் ஸ்பீக்கர் நூறிலேயே நசுங்கலாம். சீட்டில் எழுதியிருக்கிற வாட்ஸ் சூட்டைப் பற்றியது மட்டும், துள்ளலைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை.

சீட்டென்றதும் ஒன்று. மலிவுப் பெட்டிகளில் 1200 வாட்ஸ் என்று பொன்னெழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அது கண்சிமிட்டும் நேரத்து உச்சம். நான் அதை நாலால் பிரித்துவிட்டுத்தான் மிச்சக் கதை பேசுவேன். வாட்ஸை மட்டும் கேட்கிறவர்கள் யாரும் கேட்காத இன்னொரு எண் இருக்கிறது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபெல் என்பது. 97 காட்டுகிற பெட்டிக்கு 400 வாட்ஸ் கொடுத்துக் கிடைக்கிற சத்தம், 100 காட்டுகிற பெட்டிக்கு 200 வாட்ஸிலேயே கிடைக்கும். 97 டெசிபெல் பெட்டிகூட வாங்குகிற சக்தியில் 3 வீதத்தைத்தான் சத்தமாக்குகிறது. மிச்சமெல்லாம் கொயிலில் சூடு. காதுக்கு இரட்டிப்பாகத் தெரிய பத்து மடங்கு சக்தி வேண்டும் என்றால், 500ஐ விட்டு 800க்குப் போனது எதற்கு? 2 டெசிபெல்லுக்கு. கடனை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

அன்று பின்னேரம் மணலில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகச் செய்துபார்த்தோம். பதினைந்தைக் கழற்றிவிட்டு நாலு பத்துப் பெட்டியை மட்டும் வைத்தோம். பெரிய ஹெட்டை விட்டுவிட்டுப் பழைய 500இல் கொழுவினோம், 8 ஓமில் 300தான் வரும், 400 தாங்குகிற பெட்டிக்கு நிம்மதி. மேடைக்குப் பின்னால் இருந்த ஹோட்டல் மதிலோடு பெட்டியை ஒட்டிவைத்ததும் தாழ்ந்த சுரம் எழும்பியது. குமிழ் நடுவுக்கு வந்தது. அதற்குப் பதிலாக நடுச்சுரங்களைக் கொஞ்சம் கூட்டினோம். பைலாவில் பேஸ் துள்ளுவது காதுக்குத் தெரிவது அந்த இடத்தில்தான். கிற்றார் வாசிக்கிற பாலையூற்றுப் பெடியன் தூரத் தென்னையடியில் நின்று கையைத் தூக்கிக் காட்டினான், கேட்குதென்று. அடுத்த கிழமை 35 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிற சின்னப் பெட்டி ஒன்றைச் செய்துகொடுத்தேன். 31இன் அடிச்சுரம் அதில் மெலியும். ஆனால் அதன் மேல்சுரம் 62இல் இருக்கிறதே, காது மிச்சத்தை அதிலிருந்து தானே கட்டிக்கொள்ளும்.

இழப்பில்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு பெட்டி வைத்து வாசித்தவன் ஒன்றோடு நின்றால் ஐந்து டெசிபெல்வரை குறையும், மேடையில் காற்சட்டை அதிராது. அந்த அதிர்வுக்காகவே பேஸ் வாசிக்கிறவர்கள் உண்டு. 1969இல் வந்த அம்பெக் எஸ்விரி, 300 வாட்ஸ் வால்வு ஹெட்டுக்கு 10 அங்குலம் எட்டு உள்ள பெட்டிகள் இரண்டோடு வந்தது. அந்தப் படத்தைப் போனில் காட்டி, இதுபோல ஒன்று வேணும் என்றான். எனக்கும் வேணும்தான். அதை ஓட்டோவில் ஏற்ற ஏலாது என்றேன்.

இப்போது யாராவது எத்தனை வாட்ஸ் ஹெட் எடுக்கலாம் என்று கேட்டால், பெட்டியின் பின்பக்கத்தைப் பார்க்க முன்னம் வாசிக்கிறவன் கையைப் பார்க்கிறேன். சுத்தமாக, நிதானமாக வாசிக்கிறவனுக்குப் பெட்டி தாங்குவதைப் போல ஒன்றரை மடங்கு ஹெட்டும் கொடுக்கலாம், உச்சிகள் வெட்டுப்படாமல் வரும். பேஸ் குமிழை முறுக்குகிற கையென்றால் பெட்டியைவிடச் சின்ன ஹெட்தான். புத்தகத்தில் இப்படி எழுதமாட்டார்கள், எழுதினால் ஹெட் விற்பவர்கள் கோபிப்பார்கள்.

800 வாட்ஸ் ஹெட்டை மட்டக்களப்பில் ஒரு குழு வாங்கியது. கொஞ்சம் நட்டம். அந்த நட்டத்தில் பாதியை நான் தருகிறேன் என்றதற்கு அவன் கேட்கவில்லை, கோன் மாற்றிய கூலியை மட்டும் பிடிவாதமாக வேண்டாமென்று விட்டேன்.

செப்டெம்பர் முடிவில், சீசன் கலைகிற நேரம், நாலு பத்துப் பெட்டியை ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். "உள்ளுக்கு ஏதோ கரகரக்குது அண்ணே." எனக்கு வயிறு கலங்கியது. ஓட்டையில் மூக்கை வைத்தேன். உப்பு மணமும் கொஞ்சம் பியர் மணமும். பெட்டியைக் கவிழ்த்துக் குலுக்கினோம். ஒரு கை மணலும் இரண்டு சோகியும் கடைத் தரையில் விழுந்தன.