பாடசாலை வேலைக்கு நடுவே ஒரு கணித இணையத்தளம்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை போகும் பாதையில் உள்ள ஒரு பாடசாலையில் சாதாரண தர (10, 11ஆம் ஆண்டு) வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். கூடவே சின்னதாக ஒரு கணித இணையத்தளமும் நடத்துகிறேன். புதிதாக நியமனம் பெற்று வருகிறவர்கள், "எப்படி டீச்சர் நேரம் கிடைக்குது?" என்று கேட்பார்கள். கிடைப்பதில்லை. தளத்திலிருந்து எதையெல்லாம் தூக்கிப் போட்டேன் என்று கேட்டால் பதில் சொல்லலாம்.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது தொடங்கிய வேலை இது. அப்போது எல்லா ஆசிரியர்களும் குறிப்புகளைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் அநேகமாக ஒரே போன்தான். அதுவும் அம்மா தேயிலை மலையில் வேலை முடித்து இறங்கிய பிறகுதான் பிள்ளையின் கைக்கு வரும். கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்று படங்கள் குவியும், போன் நிரம்பிவிடும், அழிப்பார்கள், அடுத்த வாரம் அதே பாடத்தைத் திரும்பக் கேட்பார்கள். ஓரிடத்தில் போட்டு வைத்தால் தேவையானவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

முதலில் காசு கட்டி இணையத்தில் இடம் வாங்கி, தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் போட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது சும்மா கிடக்காது. இதைப் புதுப்பி, அதைப் புதுப்பி என்று கேட்டுக்கொண்டே இருக்கும். தவணைப் பரீட்சை விடைத்தாள், பாடசாலை மட்டக் கணிப்பீடு, வராத ஆசிரியருக்கான ரிலீஃப் வகுப்பு, இல்ல விளையாட்டுப் போட்டி எல்லாம் ஒன்றாக வரும் மாதத்தில் அதைத் திறந்துகூடப் பார்க்க முடியாது. 2022இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனதே, அந்த நாட்களில் மடிக்கணினியை நம்பி எதையும் செய்ய முடியாது என்பதும் தெரிந்துவிட்டது.

ஆகவே எல்லாவற்றையும் வெறும் எச்.டி.எம்.எல். பக்கங்களாக்கி (உலாவி நேரடியாகத் திறக்கும் சாதாரணக் கோப்புகள்), கோப்புகளை வைத்துப் பகிர உதவும் கிட்ஹப் தளத்தின் இலவச இடத்துக்கு மாற்றினேன். அங்கே தரவுத்தளம் கிடையாது, புதுப்பிக்க ஒன்றும் கிடையாது. மாதக்கணக்கில் கைவைக்காவிட்டாலும் அப்படியே நிற்கும். ஒரு கணக்கில் பிழை என்றால் போனிலேயே திறந்து, அந்த வரியை மட்டும் திருத்திச் சேமிக்கலாம். பஸ்ஸில் சிக்னல் வந்து போகும் வளைவுகளுக்கு இடையில் அது போதும்.

மாற்றும்போது உயிரை வாங்கியது பாமினிதான். இங்கே ஆசிரியர்கள் பலகாலமாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கும் வினாத்தாள்கள், செயலட்டைகள் எல்லாம் பாமினி எழுத்துருவில்தான் இருக்கின்றன. அந்தக் கோப்பில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துரு தமிழ் வேஷம் போட்டுக் காட்டுகிறது. 'அம்மா' என்பது அங்கே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இல்லாத போனில் பிள்ளை பார்ப்பதும் அதைத்தான். எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்ப் பாடக் குறிப்பென்றால் ஒட்டினால் முடிந்தது. கணிதத்துக்கு அப்படி இல்லை. பாமினியில் 'எக்ஸ்' இருக்கும் இடம் 'ஒ'. 'வை' இருக்கும் இடம் 'ல'. கருவிக்கு அட்சரகணிதம் தெரியுமா? ஒருங்கமை சமன்பாடு முழுவதும் 2ஒ + 3ல = 12 என்று வந்து நின்றது. ஒரு மாணவி அதைக் கொப்பியில் அப்படியே எழுதி, ஒ = 3, ல = 2 என்று சரியான விடையும் எடுத்து வந்தாள். புள்ளி போடாமல் இருக்க முடியவில்லை.

கடைசியில் கண்டுபிடித்த வழி: வேர்ட் கோப்பிலேயே 'தேடி மாற்று' வசதியில், பாமினி அல்லாத எழுத்துருவில் இருக்கும் பகுதிகளுக்கு முதலில் எண் இட்ட அடையாளம் வைப்பது, பிறகு மிச்சத்தை மாற்றுவது, அதற்குப் பிறகு சமன்பாடுகளைத் திரும்பப் போடுவது. மந்தமான வேலை. எல்லாவற்றையும் மாற்றவில்லை. பிள்ளைகள் கேட்கும் பாடங்களை மட்டும் மாற்றினேன். மற்றவை என் மடிக்கணினியிலேயே தூங்குகின்றன.

அடுத்தது பக்கத்தின் எடை, அதாவது எவ்வளவு டேட்டா தின்னும் என்பது. போனில் எடுத்த ஒரு படம் மூன்று நான்கு மெகாபைட் வரும். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட் எடுத்தாலும், நீளமான ஒரு விளக்கம் முழுவதும் சில பத்துக் கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். போனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ரீலோட் (காசு) போட்டுப் படிக்கிற வீட்டில் இந்த வித்தியாசம் பெரிது. "திறக்குது டீச்சர், ஆனா சுத்திக்கிட்டே இருக்கு" என்பதுதான் முன்பெல்லாம் நான் அதிகம் கேட்ட முறைப்பாடு. இப்போது கேத்திரகணித உருக்களைத் தவிர வேறெதற்கும் படம் இல்லை. வீடியோ அறவே இல்லை. வீடியோ போடச் சொல்லும் சக ஆசிரியர்களோடு இன்றும் எனக்கு வாக்குவாதம்தான்.

பாடநூல்களையும் நான் ஏற்றுவதில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்தில் அவை இலவசமாக இருக்கின்றன. இணைப்புக் கொடுத்தால் போதும். கடந்தகால வினாத்தாள்களுக்கும் என் சொந்த விளக்கத்தை மட்டுமே எழுதுகிறேன். சாதாரண தரக் கணிதப் பரீட்சையின் இரண்டாம் தாளில் 12 வினாக்களில் 10க்கு விடை எழுத வேண்டும். எந்த இரண்டை விடுவது என்று யோசித்தே நேரத்தைத் தின்றுவிடுகிறார்கள் நம் பிள்ளைகள். அதற்கென்று ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். பரீட்சை நெருங்கும்போது அதிகம் பார்க்கப்படுவது அந்தப் பக்கம்தான்.

தவணை நடக்கும்போது பிழை திருத்தம் மட்டும், புதுப் பாடம் விடுமுறையில் மட்டும் என்று ஒரு வழக்கம் தானாகவே வந்துவிட்டது. வீட்டுக்காரர் இதை ஏற்றுக்கொண்டாரா என்பது வேறு விஷயம்.

இடமாற்றம் எப்போதும் வரலாம் என்பதால் தளத்தை என் சொந்த மின்னஞ்சலில் வைக்கவில்லை. தனியாக ஒரு முகவரி திறந்து, விஞ்ஞானம் படிப்பிக்கும் தங்கச்சி ஒருத்திக்கும் உள்நுழைய அனுமதி கொடுத்திருக்கிறேன். போன தவணை நான் விடைத்தாள் கட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வாரம், மடக்கைப் பாடத்தில் விடுபட்டிருந்த ஒரு சய (−) அடையாளத்தைக் கண்டு, என்னைக் கேட்காமலே போட்டுவிட்டாள். இப்போது ஒளி பற்றித் தானும் ஒரு பக்கம் எழுதவா என்று கேட்கிறாள். படம் இரண்டுக்கு மேல் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.