விசோஃப்ளெக்ஸ் பெட்டியும் லைக்கா எம்8 கேமராவும்: மூன்று மாதக் குறிப்பு

மூன்று மாதமாக வார இறுதி எல்லாம் ஒரு கறுப்புப் பெட்டியோடுதான் போகிறது. ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில், லைக்கா கேமராக்களைச் செய்த லைட்ஸ் நிறுவனம் 1960களில் கொண்டுவந்த விசோஃப்ளெக்ஸ் 3 அது. அதை 2006இல் வந்த லைக்கா எம்8 டிஜிட்டல் கேமராவில் மாட்டி, பழைய லென்ஸ்களை வைத்துப் படமெடுத்துப் பார்க்கிறேன். இதில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று இதுவரை தெரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன்.

முதலில் இந்தப் பெட்டி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எம்8 ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, அதில் லென்ஸ் வழியாக நாம் பார்ப்பதில்லை. மேலே உள்ள தனி ஜன்னலில் பார்த்து, இரண்டாகத் தெரியும் பிம்பத்தை ஒன்றாகச் சேர்த்தால் ஃபோகஸ் ஆகிவிடும். 35, 50 மி.மீ. லென்ஸுக்கு இதைவிட இன்பமான முறை கிடையாது. ஆனால் எம்8இல் அந்த இரண்டு பிம்பங்களையும் தரும் இரண்டு ஜன்னல்களுக்கும் இடைவெளி 69.25 மி.மீ.தான். வியூஃபைண்டர் காட்சியை 0.68 மடங்காகச் சுருக்கிக் காட்டுவதால் பயனுக்கு வருவது 47 மி.மீ. மட்டும். நீண்ட லென்ஸுக்கு அந்தத் துல்லியம் போதாது. கிட்டே போகலாம் என்றால் 70 செ.மீ.யோடு நின்றுவிடும். செம்பருத்திக்குள் ஊரும் எறும்பை எடுக்க வழியே இல்லை.

அதற்காகத்தான் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே 45 டிகிரியில் சாய்ந்த கண்ணாடி, மேலே தேய்த்த கண்ணாடித் திரை, அதைப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி. பொத்தானை அழுத்தும்போது கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், ஒளி சென்சாருக்குப் போகும். 1935இலேயே 200 மி.மீ. டெலிட் லென்ஸுக்காக இப்படி ஒன்றை லைட்ஸ் செய்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: இப்போது லைக்கா விற்கும் எலக்ட்ரானிக் வியூஃபைண்டருக்கும் விசோஃப்ளெக்ஸ் என்றுதான் பெயர். வாங்கத் தேடும்போது இரண்டும் கலந்து வரும், படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் மாதம் முழுக்க ஒரே ஒரு எண்ணைப் புரிந்துகொள்வதில் போனது. 68.8.

நான் செய்த தப்பு இது. பெட்டியோடு சேர்த்து பழைய டெலிட் 200, எஃப் 4.5 ஒன்றும் வாங்கினேன். அது திருகுமரை லென்ஸ், பெட்டியின் வாய் பேயனட், அதாவது செருகித் திருப்பிப் பூட்டும் வகை. சரி, திருகுமரையை பேயனட்டாக மாற்றும் 1 மி.மீ. வளையம் கையில் இருக்கிறதே என்று போட்டு மாட்டினேன். அழகாகப் பொருந்தியது. மொட்டை மாடிக்குப் போய் எதிர்த்தெருத் தண்ணீர் தொட்டியைப் பார்த்தால் வெறும் பால் நிறம். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை முழுக்கத் திருப்பினாலும் கிட்டே இருப்பதும் தெளியவில்லை, தூரத்தில் இருப்பதும் தெளியவில்லை. லென்ஸ் கெட்டுப்போனது என்றே நினைத்தேன். இரண்டு நாள் மனசே சரியில்லை.

கெட்டது லென்ஸ் இல்லை, என் கணக்கு. லைக்காவின் 'எம்' வரிசைக் கேமராவில் பேயனட் முகத்திலிருந்து சென்சார் வரை 27.8 மி.மீ. விசோஃப்ளெக்ஸ் 2, 3 பெட்டிகளின் ஆழம் 41 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 68.8. இந்தப் பெட்டிகளுக்கென்று செய்த எந்த லென்ஸும் தன் இருக்கையிலிருந்து 68.8 மி.மீ. தள்ளி பிம்பம் விழும்படி அமைந்தது. ஆனால் என் டெலிட் அதற்கு முந்தைய, ஆழமான பெட்டிக்காகப் பிறந்தது. அதன் கணக்கு 91.3. என் 1 மி.மீ. வளையத்தைச் சேர்த்தாலும் 21.5 மி.மீ. குறைகிறது. டெலிட் தன் முழு திருப்பலிலும் அவ்வளவு தூரம் முன்னே வராது, அதனால்தான் எதுவுமே தெளியவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப லைட்ஸே ஒரு குழாய் செய்திருக்கிறது, பட்டியல் எண் 16466. நீளம் 22.5 மி.மீ., 91.3இலிருந்து 68.8ஐக் கழித்தால் வருவது அதேதான். குழாய் வந்து மாட்டிய அன்று தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்த காக்கையின் அலகு திரையில் கத்தி மாதிரி தெரிந்தது. அந்தக் காலைப்பொழுது எனக்கு மறக்காது.

இந்தக் கழித்தல் கணக்கு பிடிபட்டுவிட்டால் மற்ற வளையங்கள் எல்லாம் தானாகப் புரியும். ரேஞ்ச்ஃபைண்டருக்கென்று செய்த ஹெக்டர் 135, எஃப் 4.5 லென்ஸை அப்படியே பெட்டியில் மாட்டினால் மிகக் கிட்டே மட்டும்தான் ஃபோகஸ் ஆகும், ஏனென்றால் அதன் குழல் 27.8க்கு அளந்து செய்தது. ஆனால் ஹெக்டரின் கண்ணாடித் தலை மட்டும் தனியாகத் திருகிக் கழன்றுவரும். அந்தத் தலையை ஒரு இணைப்பு வளையத்தோடு 16464 என்ற குட்டை ஃபோகஸ் குழலில் வைத்தால் இன்ஃபினிட்டி வரை, அதாவது எவ்வளவு தூரத்தில் இருப்பதும், ஃபோகஸ் கிடைக்கும். என்னிடம் உள்ள இன்னொரு லென்ஸான எல்மார் 65, எஃப் 3.5க்கும் அதே குழல்தான். ஒரே குழலில் இரண்டு லென்ஸ். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்!

இரண்டாவது மாதத் தொல்லை பொத்தான் கை. பெட்டியிலிருந்து ஒரு சிறு கை கேமராவின் ஷட்டர் பொத்தானுக்கு மேலே நீண்டிருக்கும். அதை அழுத்தினால் முதலில் கண்ணாடி தூக்கும், பிறகு கை இறங்கி ஷட்டரைத் தட்டும். என் முதல் இருபது படங்களில் கீழே ஒரு கறுப்புப் பட்டை, ஓரம் புகைபோல் மங்கி. கண்ணாடி முழுக்கத் தூக்குவதற்குள் ஷட்டர் திறந்துவிட்டது. பிம்பம் சென்சாரில் தலைகீழாக விழுவதால், கண்ணாடி பெட்டியின் மேல்பக்கத்தில் மறைத்தது படத்தின் கீழ்ப்பக்கம் கறுப்பாக வந்தது. கையின் உயரத்தைச் சரிசெய்ய வழி இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பார்த்து, பட்டை மறைந்த இடத்தில் நிறுத்தினேன்.

ஒளி அளவுக்குக் கேமராவை நம்ப வேண்டாம். கண்ணாடி கீழே இருக்கும்போது உள்ளே ஒளியே போகாது, கேமரா இருட்டைத்தான் அளக்கும். ஷட்டர் வேகத்தை நானே வைத்து, ஒரு படம் எடுத்து, ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்த்துத் திருத்திக்கொள்கிறேன். லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபர்ச்சரும் கையால்தான்: திறந்துவைத்து ஃபோகஸ், பிறகு எண்ணி மூடுதல். எந்த லென்ஸ், எந்த அபர்ச்சர் என்று கேமராவுக்குத் தெரியாது என்பதால் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

எல்மார் 65இல் எடுத்த பூக்கள் எல்லாம் ஆரம்பத்தில் சற்று முன்னால் ஃபோகஸ் ஆகி வந்தன. திரை தள்ளிப்போயிருக்கும் என்று பயந்து, முக்காலியில் வைத்து ஒரு ஸ்கேலைச் சாய்த்து நிறுத்திச் சோதித்தேன். திரையில் தெளிந்த கோடே படத்திலும் தெளிவாக இருந்தது. பிழை என் உடம்பில். அபர்ச்சரை மூடும் அந்த இரண்டு விநாடியில் என்னையறியாமல் பின்னால் சாய்கிறேன். இப்போது முழங்கை தரையில் ஊன்றியே எடுக்கிறேன்.

எம்8இன் சென்சார் 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறியது, அதனால் லென்ஸின் எண்ணை 1.33ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 65 என்பது 86 போலவும், 135 என்பது 180 போலவும் நடந்துகொள்ளும். பூச்சிக்கும் பறவைக்கும் அது லாபம். அகச்சிவப்பு ஒளியை எம்8 சரியாகத் தடுப்பதில்லை, அதனால் செயற்கை நூல் கறுப்புத் துணி ஊதாவாக வரும். அதற்கான ஃபில்டர் ஹெக்டரின் 39 மி.மீ. அளவில் கிடைத்தது. எல்மாரின் 41 மி.மீ. அளவுக்கு இன்னும் தேடுகிறேன், அதுவரை அந்த லென்ஸில் கறுப்பு வெள்ளைதான். ஒளி உணர்திறனைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. எண்ணில் 640க்கு மேல் நான் போவதில்லை.

ஹெக்டர் பற்றி ஒரு வார்த்தை. லைட்ஸின் லென்ஸ் வடிவமைப்பாளர் மாக்ஸ் பெரெக் வடிவமைத்த வரிசை, தன் நாயின் பெயரை வைத்தார் என்பார்கள். நான்கு கண்ணாடி, மூன்று குழு. வெயில் எதிரே இருந்தால் படம் வெளிறிப்போகும், நிழல்கூடு கட்டாயம். ஆனால் காலை ஏழு மணி வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அது காட்டும் மென்மை என்னிடம் உள்ள எந்தப் புது லென்ஸிலும் இல்லை. வாங்கும்போது பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எனக்கு வந்த முதல் ஹெக்டரில் சிலந்திவலை மாதிரி பூஞ்சை, திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. இரண்டாவதைச் சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடும் டப்பாவில் வைத்திருக்கிறேன்.

பின்னால் வந்த எம் 240 போன்றவற்றில் திரையிலேயே லென்ஸ் வழியாகப் பார்க்கலாம், இந்தப் பெட்டி வெறும் இடைவெளி நிரப்பியாக இருந்தால் போதும். நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்கிறார், வேலை சீக்கிரம் முடிகிறது. எனக்கு அந்தத் தேய்த்த கண்ணாடி வேண்டும். நிமிர்ந்த பூதக்கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும், எறும்பு இடப்பக்கம் போனால் நான் கேமராவை எதிர்ப்பக்கம் திருப்புவேன். இப்போது கை பழகிவிட்டது.

போன ஞாயிறு டெலிட்டில் தேன்சிட்டு கிடைத்தது, வாலின் நுனி சட்டத்துக்கு வெளியே. இந்த வாரம் முக்காலியை முருங்கை மரத்திலிருந்து இன்னும் இரண்டடி தள்ளி வைக்கப் போகிறேன்.