மேகசினைக் கழற்றினாலும் உள்ளே ஒன்று இருக்கும்

தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வாங்க நினைப்பவர்கள் ரிவால்வரா பிஸ்டலா என்று கேட்கிறார்கள், கேட்ட கையோடு எத்தனை குண்டு பிடிக்கும் என்ற கணக்கில் இறங்கிவிடுகிறார்கள். சின்ன ரிவால்வரில் 5 அல்லது 6, க்ளாக் 17 என்ற பிஸ்டலில் 17. சரி, ஆனால் நான் முதலில் கேட்பது, பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடை, குண்டை அறைக்குள் ஏற்றுவதற்காக, உங்கள் கையால் முழுசாகப் பின்னுக்கு இழுக்க முடியுமா என்றுதான்.

என் அக்காவுக்கு விரல் மூட்டுகளில் வாதம். பயிற்சிக்கு அழைத்துப் போனபோது பிஸ்டலின் ஸ்லைடை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து இழுத்தாள், பாதி வந்ததும் ஸ்பிரிங் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது. அடுத்த தடவை இன்னும் பலமாக இழுக்கப்போய், குழல் முனை பக்கத்தில் நின்றவர் பக்கம் திரும்பிவிட்டது. காலித் துப்பாக்கிதான், ஆனாலும் எனக்குப் பதறிவிட்டது. அப்புறம் ரிவால்வரைக் கொடுத்தார்கள். குண்டு அறைகள் உள்ள சுழலும் சிலிண்டரைத் திறப்பது, நிரப்புவது, மூடுவது எல்லாம் சுலபமாக வந்தது, ஆனால் பின்பக்கச் சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுக்காமல் சுடும்போது அதன் விசைக்கு, அதாவது ட்ரிக்கருக்கு, சுமார் 5 கிலோ இழுவை வேண்டும், க்ளாக்குக்கு அதில் பாதி போதும். அந்த இழுவையில் குழல் தாழ்ந்து, ஐந்து குண்டும் இலக்குத் தாளின் அடி ஓரத்தில் போய் விழுந்தன.

மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்துச் சுட்டால் பிஸ்டலில் சுட்ட குண்டின் காலி உறை ஸ்லைடில் சிக்கி நிற்கும், அதைத் தட்டி இழுத்து விடுவிக்கக் கைக்குப் பழக்கம் இருக்க வேண்டும். ரிவால்வரில் ஒரு குண்டு வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது வந்துவிடும். ஆனால் சிலிண்டரே இறுகிக்கொண்டால் அந்த இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது. திரும்ப நிரப்புவதும் மெதுவான வேலை. 1986-இல் அமெரிக்காவின் மயாமியில் அந்நாட்டு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ ஆட்களுக்கும் கொள்ளையர் இருவருக்கும் நடந்த சண்டையில், கையில் குண்டு பட்ட அதிகாரி ஒருவரால் தன் ரிவால்வரை மறுபடி நிரப்ப முடியாமல் போனது. எஃப்பிஐ பிஸ்டலுக்கு மாற அந்தச் சண்டை முக்கியக் காரணம்.

இவ்வளவுக்குப் பிறகும், அடிக்கடி பயிற்சி எடுக்க மாட்டேன் என்பவர்களுக்கு நான் ரிவால்வரைத்தான் சொல்வேன். சிலிண்டரைத் திறந்தால் எல்லா அறையும் கண்ணுக்குத் தெரியும். பிஸ்டலில் குண்டுகளை அடுக்கி வைக்கும் மேகசினை உருவியதும் காலியாகிவிட்டது என்று மனசு நம்பிவிடுகிறது, குழல் அறையில் ஒரு குண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும், பல மாடல்களில் மேகசின் இல்லாமலே அது வெடிக்கும். துடைக்கிறேன் பேர்வழி என்று விசையைத் தொட்டுத் தன்னையோ வீட்டு ஆளையோ சுட்டவர்கள் உண்டு. பிஸ்டல்தான் வேண்டும் என்றால் மேகசினை எடுத்த பிறகு ஸ்லைடை இழுத்து, அறைக்குள் கண்ணால் பாருங்கள், விரலை விட்டும் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும்.

அக்கா ரிவால்வரே வாங்கினாள். மாதம் ஒரு தடவை போய் 50 குண்டு சுட்டுவிட்டு வருகிறாள், இப்போது தாளின் நடுவில் விழுகிறது.