உச்சிக்கொண்டையும் பின்கொண்டையும்

ரோமப் பேரரசிகளின் வெள்ளிக் காசு சேர்க்க ஆரம்பித்து இது இரண்டாவது வருடம். இதுவரை நான்கு டெனாரியஸ்தான்; அன்றைய ரோமின் வெள்ளிக் காசுக்கு அதுதான் பெயர். ஆனால் இப்போதெல்லாம் காசு கைக்கு வந்ததும் என் கண் முதலில் தேடுவது கொண்டையை.

முதல் காசில் பட்ட பாடு அது. பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸின் மனைவி இளைய ஃபாஸ்டினா என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் உச்சந்தலையில் பின்னலைச் சுருட்டிக் கட்டிய கொண்டை. அது அவருடைய அம்மா, மூத்த ஃபாஸ்டினா! மகளுக்குக் கொண்டை பின்னந்தலையில் இருக்கும். பெயருக்கு முன்னால் 'திவா', அதாவது தெய்வமானவர் என்று இருக்கிறதே என்று அதை மட்டும் வைத்து முடிவு செய்யவும் முடியாது. இறந்தபின் இருவருக்குமே தெய்வப் பட்டம் கொடுத்தார்கள். மூத்தவர் இறந்ததும் கணவர், பேரரசர் அன்டோனினஸ் பயஸ், ரோம் நகரின் பழைய பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரத்தில் அவருக்குக் கோயில் கட்டினார். அதன் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அவர் பெயரில் காசும் ஏராளமாக அடித்தார். என்னைப் போன்றவர்கள் வாங்கும் விலையில் கிடைப்பது அதனால்தான். அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மகளைப் பிறகு தனியாகத் தேடி வாங்கினேன்.

மூன்றாவது, சிரியாவின் எமெசாவில் பிறந்த யூலியா டோம்னா. இவர் காசில் பட்டத்தை வைத்தே காலம் சொல்லிவிடலாம். என்னுடையதில் 'யூலியா அவுகுஸ்தா' என்று இருப்பதால் 196-க்கும் 211-க்கும் இடையில் அடித்தது. கணவர், பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ், டெனாரியஸில் வெள்ளியைப் பாதியளவுக்குக் குறைத்தவர்.

நான்காவதுதான் என் மனதை விட்டுப் போகவே இல்லை. டோம்னாவின் மருமகள், அவர் மகன் கரகல்லாவின் மனைவி ப்ளாட்டில்லா. பின்பக்கம் மணமக்கள் இருவரும் கைபிடித்து நிற்கிறார்கள். சுற்றிலும் 'ப்ரோபகோ இம்பெரி', அதாவது பேரரசின் வம்சம் தழைக்க. கல்யாணம் 202-இல். 205-இல் ப்ளாட்டில்லாவின் அப்பாவைக் கொன்றார்கள், இவரை லிபாரி தீவுக்கு நாடு கடத்தினார்கள். மாமனார் 211-இல் கண்மூடியபின் கரகல்லா இவரையும் கொல்லச் சொன்னான். வாழ்த்து மட்டும் வெள்ளியில் அப்படியே நிற்கிறது. முகத்தைப் பார்த்தால் சின்னப் பெண்.

இந்தக் காசைத்தான் கெடுக்கப் பார்த்தேன். மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டு மாதக்கணக்கில் திறக்காமல் விட்டதில் பச்சையாகப் பிசுபிசுவென்று படிந்துவிட்டது. தேய்க்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றி ஊறவிட்டேன். நெயில் பாலிஷ் ரிமூவரில் வேறு பொருள்களும் கலந்திருப்பதால் அது வேண்டாம். இரண்டு முறை அசிட்டோனை மாற்றியதும் பச்சை போய்விட்டது. இப்போது நான்குமே பிவிசி இல்லாத மைலார் பிளாஸ்டிக் உறையில்.

அடுத்து பேரரசர் கொம்மோடஸின் மனைவி கிரிஸ்பினா. இந்த மாதம் மூன்று பார்த்தேன். மூன்றிலும் முடி தேய்ந்து வழவழவென்று இருந்தது, வைத்துவிட்டு வந்துவிட்டேன்.